கவிழ்த்துப் பாருங்கள்: பிரெஞ்சுப் பீங்கான் சேகரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

பிரெஞ்சுப் பீங்கானில் மனத்தைப் பறிகொடுத்த நண்பர்களுக்கு,



ஏலப் பட்டியல்களிலும் பழம்பொருள் கடைகளின் விலைச் சீட்டுகளிலும் நாம் தாராளமாகப் புழங்கும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். 'பழைய லிமோஜ் மிட்டாய்க் கிண்ணம், கையால் தீட்டியது.' லிமோஜ் பீங்கானுக்குப் பேர்போன பிரெஞ்சு நகரம் என்பதால், வாங்கும்போது இந்த வரியை நம்பி வாங்குகிறோம். விற்கும்போது நாமும் அதையே எழுதிவிடுகிறோம். இடையில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர்களும், லென்ஸ் வைத்து ஒரு பூவிதழை உற்றுப் பார்த்தவர்களும் நம்மில் மிகக் குறைவு. அச்சிட்ட படத்தை ஒட்டிச் சுட்ட கிண்ணமும், ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து தீட்டிய கிண்ணமும் அந்த ஒரே வரியின் கீழ் விலைபோகின்றன. இதில் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல, தீட்டியவருக்கும் அநியாயம் நடக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து நூறு ஆண்டு ஆகியிருக்கலாம். ஆனாலும் அநியாயம் அநியாயம்தான்.

நான் கேட்பது இதுதான். கையால் தீட்டியது என்று எழுதும் முன், அது யார் கை, எந்த ஊர்க் கை, அந்தக் கிண்ணத்தில் கைவேலை எவ்வளவு என்று பாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

மிட்டாய்க் கிண்ணத்தை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். விருந்து மேசைக்கான முழுத் தொகுதிகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவற்றுக்கு ஆலைப் பதிவேடுகளும் வடிவ எண்களும் இருக்கின்றன. சிறு கிண்ணங்கள்தான் அநாதைகள். பிரான்சில் ஞானஸ்நானத்திலும் திருமணத்திலும் சர்க்கரைப் பாகு பூசிய பாதாம் பருப்பை விருந்தினருக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. வெர்தன் நகரம் அந்த மிட்டாய்க்குப் பேர்போனது. அதை வைப்பதற்கென்று மூடியோடும் மூடியில்லாமலும் செய்த சிறு பாத்திரங்களுக்கு பொன்பொனியேர் என்று பெயர். உருவம் சிறியது, விலை குறைவு, வீட்டுச் சூளையிலும் அடங்கும். ஆகவே நேற்றுத் தூரிகை பிடித்தவரும் கைதேர்ந்தவரும் அதைத்தான் எடுத்துத் தீட்டினார்கள். இன்று சந்தையில் அது நிறையக் கிடைப்பதற்கும், குழப்பம் அதில் அதிகமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

என் மேசைமேல் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். விரித்த கையில் அடங்கும் அளவு, ஆழமில்லாத கிண்ணம். விளிம்பு அலையலையாக நெளிந்து ஓரிடத்தில் சுருண்டு பிடியாகிறது. உள்ளே இளஞ்சிவப்பு ரோஜா மூன்று, பின்னால் மங்கலாக இலைகள், நெளிந்த விளிம்பு முழுக்கத் தங்கம். கவிழ்த்தால் இரண்டு தடயங்கள். ஒன்று பச்சை நிற முத்திரை: டி, வி என்ற எழுத்துகள், கீழே பிரான்ஸ். டிரெஸ்மான், வோக்ட் என்ற இரு பங்குதாரர்களின் லிமோஜ் ஆலையில் போட்டது. விரலால் தடவினால் வழவழவென்றிருக்கும், ஏனென்றால் அது கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. இன்னொன்று தங்கத்தில் கையால் எழுதிய இரண்டு முதலெழுத்துகள், பக்கத்தில் 1903. இது பூச்சுக்கு மேலே இருக்கிறது. நகம் பட்டால் மெல்லத் தட்டுப்படுகிறது.

இப்போது ரோஜாவுக்கு வாருங்கள். இதழ் மடியும் இடத்தில் பளிச்சென்று தெரிகிற வெள்ளை, வண்ணமே அல்ல. அது வெறும் பீங்கான். தீட்டியவர் நுணுக்கிய வண்ணப்பொடியை எண்ணெயில் குழைத்து ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் முதலில் அப்பியிருக்கிறார். அது காய்வதற்குள் சுத்தமான தூரிகையை ஒரே இழுப்பில் ஓட்டி வண்ணத்தைத் துடைத்து எடுத்திருக்கிறார். துடைத்த இடத்தில் அடியிலிருந்த வெண்மை எட்டிப் பார்க்கிறது. அதுவே இதழின் வெளிச்சம். பத்து மடங்கு காட்டும் லென்ஸில் அந்த இழுப்பு அப்படியே தெரியும். ஒரு பக்கம் வண்ணம் கோடுகட்டி ஒதுங்கி நிற்கும், மறுபக்கம் கரைந்துபோகும், நடுவில் தூரிகை மயிரின் தடங்கள் இணையிணையாக ஓடும். மூன்று ரோஜாவிலும் இந்த இழுப்பு ஒன்றுபோல் இல்லை. முதல் ரோஜாவில் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, இதழ் விளிம்பை இரண்டு முறை துடைத்திருக்கிறார். மூன்றாவதில் அந்தத் தயக்கம் போய்விட்டது.

நிறத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. பீங்கானில் இந்த ரோஜா நிறம் தங்கத்திலிருந்து வருவது. சூளையில் சூடு போதாவிட்டால் பழுப்படிக்கும், மிஞ்சினால் நீலம் ஏறும். என் கிண்ணத்தில் விளிம்போரத்து ரோஜா மற்ற இரண்டையும்விட ஒரு சாயல் ஊதாவாக இருக்கிறது. அந்தப் பக்கம் சூடு கூடியிருக்க வேண்டும். வெளிர்நிறம் ஒரு சூடு, அதன்மேல் நிழல் இன்னொரு சூடு என்று ஏற்றி ஏற்றித்தான் இந்த ஆழம் கிடைக்கும். ஒவ்வொரு முறை சூளைக் கதவைச் சாத்தும்போதும் அதுவரை செய்த வேலை முழுவதையும் பணயம் வைக்க வேண்டும். இவ்வளவையும் செய்தவருக்கு இரண்டெழுத்து இடம்தான் கிடைத்திருக்கிறது. நமது பட்டியல்களில் பல நேரம் அதுகூட இல்லை.

ஒரு கிண்ணத்தில் இரண்டு தடயங்கள் எப்படி வந்தன? அதற்குப் பீங்கான் செய்யும் முறையையும் லிமோஜின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீனத்து வெண்பீங்கானின் சூட்சுமம் ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் மைசன் ஆலை 1710இல் முந்திக்கொண்டது. பிரான்சில் அரசரின் ஆதரவில் நடந்த செவ்ர் ஆலைக்குக் கயோலின் என்ற வெண்களிமண் கிடைக்காததால், மென்பீங்கானோடு நிற்க வேண்டியிருந்தது. 1768 வாக்கில் லிமோஜுக்குத் தெற்கே சேன்ட்-இரியே என்ற சிற்றூரில் அந்த மண் அகப்பட்டது. அவ்வூர் அறுவை மருத்துவர் தார்னேயின் மனைவி துணி வெளுக்க ஒரு வெள்ளை மண்ணை எடுத்து வந்தார் என்றும், கணவர் அதை போர்தோ நகர மருந்தாளர் வில்லாரிஸுக்குக் காட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. செவ்ர் ஆலையின் வேதியியலாளர் மாக்கே அது கயோலின்தான் என்று உறுதி செய்தார். 1771இல் லிமோஜில் முதல் பீங்கான் ஆலை வந்தது. சுற்றிலும் காடு, அந்தக் காட்டு விறகை மிதக்கவிட்டு ஊருக்குக் கொண்டுவர வியென் ஆறு. மண்ணும் நெருப்பும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன.

கயோலினோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்துப் பிசைந்து வடிவம் கொடுத்து, முதலில் 900, 1,000 டிகிரி அளவில் சுடுவார்கள். பிறகு பூச்சில் தோய்த்து மறுபடி ஏறத்தாழ 1,400 டிகிரியில் சுடுவார்கள். அந்தச் சூட்டில்தான் உடலும் பூச்சும் ஒன்றாகி, விளக்கொளி ஊடுருவும் கெட்டிப் பீங்கான் ஆகிறது. அந்தச் சூட்டைக் கோபால்ட் நீலம்போல் ஒருசில வண்ணங்கள்தான் தாங்கும். மற்றவை பொசுங்கிவிடும். எனவே ரோஜாவும் வயலெட்டும் தங்கமும் சுட்டு முடித்த வெள்ளைப் பாத்திரத்தின் மேல் தீட்டப்பட்டு, 800 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் தனியாகச் சுடப்படுகின்றன. பாத்திரம் செய்வதும் வண்ணம் தீட்டுவதும் இப்படிப் பிரிந்துபோனதால், இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நடக்க வேண்டியதும் இல்லை.

நியூயார்க்கில் பீங்கான் வணிகம் செய்த டேவிட் ஹவிலாண்ட் 1842இல் லிமோஜுக்கே வந்து தங்கினார். அமெரிக்கர்களுக்குப் பிடித்த வடிவத்திலும் அலங்காரத்திலும் பாத்திரங்களைத் தயாரிக்க வைத்தார், தீட்டும் பட்டறையையும் அங்கேயே நிறுவினார். அவருக்குப் பின் லிமோஜின் பெரும் சந்தை கடலுக்கு அப்பால்தான். கப்பலில் போனவை இரண்டு வகை: தீட்டி முடித்தவை ஒன்று, வெள்ளையாகவே போனவை மற்றொன்று. அமெரிக்காவில் அதிபர் லிங்கனின் மனைவி மேரி 1861இல் வெள்ளை மாளிகைக்கு வாங்கிய, செந்நீல விளிம்பும் கழுகும் கொண்ட புகழ்பெற்ற தொகுதி ஹவிலாண்டின் வெள்ளைப் பீங்கான். தீட்டியது நியூயார்க்கின் ஹாவுட் கடைப் பட்டறை. அதை லிமோஜில் தீட்டியது என்று எழுதினால் தவறு. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சிறு கிண்ணத்துக்கும் அந்த நியாயம்தான் பொருந்தும்.

வெள்ளைப் பாத்திரங்களைப் பெருமளவில் வாங்கியவர்கள் பட்டறைக்காரர்கள் மட்டுமல்லர். 1870களிலிருந்து அமெரிக்கப் பெண்களிடையே பீங்கான் தீட்டுவது ஒரு பேரலையாகப் பரவியது. சின்சினாட்டி நகரத்துப் பெண்கள் 1874இல் வகுப்பில் சேர்ந்து கற்று, 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் தங்கள் வேலைகளை வைத்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி லூயிஸ் மெக்லாலின் 1877இல் கெட்டிப் பீங்கானில் தீட்டக் கற்றுக்கொள்வோருக்காக ஒரு கையேடே எழுதி வெளியிட்டார். வீட்டில் வைத்துச் சுடுகிற சிறு சூளைகள் வந்தன. லிமோஜ் வெள்ளைக் கிண்ணங்கள் பட்டியல் பார்த்து அஞ்சலில் வாங்கும் பொருளாயின. பொழுதுபோக்குக்குத் தொடங்கியவர்களும் உண்டு, இதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் உண்டு. சிகாகோவில் வைல்டர் பிக்கார்டின் பட்டறைபோல் தேர்ந்த கலைஞர்களை வைத்து நடத்திய இடங்களும் இருந்தன. அங்கே தீட்டியவர்கள் கையெழுத்திட்டார்கள். அதனால் அவர்கள் பெயர்கள் இன்றும் நிற்கின்றன.

இங்கேதான் எனக்கும் நம் வட்டத்தில் பலருக்கும் கருத்து வேறுபாடு. ஆலை அலங்காரம் என்றால் உயர்த்தி, வீட்டுப் பெண் தீட்டியது என்றால் தாழ்த்தி என்பது சந்தையின் பழைய கணக்கு. அந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நாமும் ஒப்பிக்கிறோம். வீட்டில் தீட்டியவற்றில் சுமாரானவை ஏராளம், மறுக்கவில்லை. இலையெல்லாம் ஒரே பச்சையில், நிழல் விழாத ரோஜாக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆலை வேலையிலும் அவசர வேலை உண்டு. வேலையைப் பார்த்துத் தரம் சொல்லுங்கள், முகவரியைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பிரெஞ்சு அலங்காரம் என்று சொல்லி விற்பதற்காக ஒரு விற்பனையாளர் கிண்ணத்தின் அடியிலிருந்த முதலெழுத்துகளைத் தேய்த்து எடுத்திருந்ததை நேரில் கண்டேன். பூச்சில் மங்கலான தழும்பும் எழுத்தின் வால் ஒன்றும் மிச்சமிருந்தன. ஒருவர் இந்த உலகில் விட்டுப்போன கையெழுத்து அது ஒன்றாகவே இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை.

அச்சிட்ட படத்தை ஒட்டிச் சுட்ட ஒட்டுப்படக் கிண்ணங்களைக் கேவலமாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சு வந்ததில் கைத்தொழிலாளிகள் வேலையிழந்தது உண்மை. ஓவியர் ரெனுவார் 1841இல் லிமோஜில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. 1854இல், 13 வயதில், அங்கே பீங்கான் தீட்டும் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்து பூக்களைத் தீட்டினார். சில ஆண்டுகளுக்குள் இயந்திர அச்சு அந்தப் பிழைப்பைப் பறித்துக்கொள்ள, விசிறிகளிலும் சன்னல் திரைகளிலும் படம் எழுதப் போனார். அதே அச்சு லிமோஜில் வேறு பலருக்கு வேலை கொடுத்தது. ஈரத் தாளிலிருந்து படத்தை வளைந்த பாத்திரத்தில் சுருக்கம் விழாமல் பதித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சூளையிலிருந்து மங்கலாக வரும் தங்கத்தை அகேட் கல்லால் தேய்த்து ஒளியேற்றியவர்களும் பெண்களே. உழைப்பை உணர்ந்த ஊர் அது. பிரெஞ்சுத் தொழிலாளர் பொதுக் கூட்டமைப்பு 1895இல் பிறந்தது லிமோஜில்தான். 1905இல் ஹவிலாண்ட் ஆலைகளில் மேற்பார்வையாளர்மீது எழுந்த புகார் வேலைநிறுத்தமாகவும் தெருப் போராட்டமாகவும் மூண்டது. ஏப்ரல் 17 அன்று படையினர் சுட்டதில் கமில் வார்டெல் என்ற இளம் பீங்கான் தொழிலாளி உயிரிழந்தார். நம் அலமாரிகளில் இருக்கும் கிண்ணங்களில் பல அந்தப் பத்தாண்டுகளில் சூளையிலிருந்து வந்தவை. ஒட்டுப்படக் கிண்ணத்தை ஒட்டுப்படம் என்று சொல்லி விற்பதில் யாருக்கும் குறைவில்லை. கையால் தீட்டியது என்று சொல்லும்போதுதான் படம் பதித்தவரின் உழைப்பும் தீட்டியவரின் உழைப்பும் சேர்ந்தே மறைகின்றன.

இனம் காண்பது முடியாத காரியமல்ல. லென்ஸில் பழைய வண்ண அச்சு ஒட்டுப்படம் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பிற்காலத்து ஸ்கிரீன் அச்சில் புள்ளி இருக்காது, ஆனால் நிறம் ஒரே தடிமனில் தட்டையாகப் படிந்திருக்கும். கிண்ணத்தின் வளைவுகளைப் பாருங்கள். படத்தை வெட்டி ஒட்டிய இடத்தில் இலை பாதியில் நிற்கும், அல்லது காம்பு காம்போடு சேராமல் ஒரு மயிரிழை விலகியிருக்கும். ஒரே தொகுதியில் இரண்டு கிண்ணம் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதழுக்கு இதழ் அச்சாக ஒத்திருந்தால் அது கையல்ல. இவற்றுக்கு இடையில் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. கோட்டுருவத்தை அச்சில் பதித்து, உள்ளே கையால் நிறம் நிரப்புவது, அல்லது அச்சுப் பூவின் மேல் இரண்டு மூன்று தூரிகைக் கோடும் தங்கப் புள்ளியும் வைப்பது. சில பிரெஞ்சு ஆலைகள் இந்த வகைக்கு 'ரெஓஸே மேன்' என்றும், முழுக்கக் கையால் தீட்டியதற்கு 'பேன் மேன்' என்றும் அடியில் நேர்மையாகவே எழுதியிருக்கின்றன. நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறோம்.

படத்தின் மூலையில் ஓவியர் பெயர் இருப்பதால் மயங்கிவிடாதீர்கள். தோட்டத்தில் காதலர் உட்கார்ந்திருக்கும் காட்சியும் 'ஃபிராகோனார்' என்ற கையெழுத்தும் கொண்ட மிட்டாய்க் கிண்ணங்கள் எங்கும் கிடைக்கின்றன. ஃபிராகோனார் 1806இல் மறைந்தவர். அந்தக் கையெழுத்து அச்சுப் படத்தோடு சேர்ந்தே வந்தது. லென்ஸில் பார்த்தால் எழுத்தும் புள்ளிகளாகத்தான் தெரியும்.

அடிப்பக்க முத்திரைகளில் ஒரு பொதுவழி உண்டு. பூச்சுக்கு அடியில், பெரும்பாலும் பச்சையில் இருப்பது வெள்ளைப் பாத்திரம் செய்த ஆலை. பூச்சுக்கு மேலே சிவப்பிலோ நீலத்திலோ தங்கத்திலோ இருப்பது அலங்கரித்த ஆலை, பட்டறை அல்லது ஆள். பூயா, கெரான், ஹவிலாண்ட், பெர்னார்தோ என்று எந்த ஆலையின் முத்திரையானாலும், அது பச்சையில் தனித்து நின்று மேல்முத்திரை இல்லாவிட்டால், கிண்ணம் வெள்ளையாகப் போய் வேறெங்கோ தீட்டப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரான்ஸ் என்ற சொல் சேர்ந்திருந்தால், அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1891இல் நாட்டுப் பெயரைக் கட்டாயமாக்கியதற்குப் பிந்தியது என்று பொதுவாகக் கொள்ளலாம். லிமோஜ் என்ற ஊர்ப்பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒஹையோ மாநிலத்தின் செப்ரிங் ஊரில் லிமோஜ் சைனா என்ற பெயரிலேயே ஓர் அமெரிக்க ஆலை நடந்தது. புத்தம்புதுப் பாத்திரங்களில் பழைய முத்திரையைப்போல் அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. 2017 முதல் லிமோஜ் பீங்கான் என்ற பெயருக்குப் பிரான்சில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. ஓத்-வியென் மாவட்டத்துப் பீங்கானுக்கே அந்தப் பெயர் உரியது. ஆனால் சந்தையில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய பொருள்களுக்கு அந்தச் சட்டம் காவல் நிற்க முடியாது. அந்தப் பொறுப்பு நம்மிடம்தான் இருக்கிறது. வாய்ப்புள்ளவர்கள் லிமோஜின் அத்ரியேன் துபூஷே தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். நல்ல வேலையை ஒரு நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண் பிறகு எளிதில் ஏமாறாது.

மூடியுள்ள கிண்ணமென்றால் மூடியையும் விசாரியுங்கள். வேறு கிண்ணத்து மூடியைப் பொருத்தி விற்பது சாதாரணமாக நடக்கிறது. இரண்டின் வெண்மையையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்தால் ஒன்று பாலாகவும் மற்றொன்று சாம்பல் தட்டியும் தெரிந்துவிடும். மயிரிழை விரிசலுக்கு, கிண்ணத்தை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டிப் பாருங்கள். நல்லது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சத்தம் அடங்கிப்போகும்.

தேய்ந்த தங்கத்தைப் புதுப்பிக்காதீர்கள் என்று தனியாக வேண்டிக்கொள்கிறேன். மிட்டாய்க் கிண்ணத்தில் தங்கம் பிடியருகிலும், கை நுழையும் பக்கத்து விளிம்பிலும் முதலில் தேயும். குழந்தைகளும் விருந்தாளிகளும் அதைத் தொட்டுத் தொட்டு எடுத்ததற்கான சான்று அது. அதன்மேல் இன்றைய தங்கத்தைப் பூசினால் சான்றும் போகும், தீட்டியவர் போட்ட விளிம்பும் போகும். அப்படிப் பூசியதை விற்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், உடைந்ததை ஒட்டியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மென்துணியும் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவும் தங்கத்துக்கு எமன். பூச்சுக்கு மேல் தீட்டும் பழைய வண்ணங்களில் ஈயம் சேர்ந்திருக்கலாம். ஆகவே புளிப்பு மிட்டாயோ ஈரப் பண்டமோ அதில் போட்டு வைக்க வேண்டாம். காகிதம் சுற்றிய மிட்டாய் போதும்.

எல்லாம் பார்த்தபின் எப்படி எழுதுவது? என் கிண்ணத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது இது: 'வெள்ளைப் பாத்திரம் லிமோஜ், டிரெஸ்மான், வோக்ட் ஆலை, பூச்சுக்கு அடியில் பச்சை முத்திரை. ரோஜாக்கள் முழுக்கக் கையால் தீட்டியவை. ஆலை அலங்கார முத்திரை இல்லை. தங்கத்தில் முதலெழுத்துகளும் 1903உம். தீட்டியவர் தனியாள் என்று கருதுகிறேன். பிடியில் தங்கம் தேய்ந்திருக்கிறது. விரிசல் இல்லை, மறுபூச்சு இல்லை.' பழைய ஒற்றை வரியைவிட இது நீளம். ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லையும் இன்னொருவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சரிபார்க்கலாம். கருத்தை மட்டும் கருத்து என்று சொல்லியிருக்கிறேன். விற்பவர்கள் இதோடு அடிப்பக்கத்தின் தெளிவான படத்தையும், ஒரு பூவின் நெருக்கப் படத்தையும் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை வராது. அடிப்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம், விலை எவ்வளவு சலுகையாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இன்னொன்று, குடும்பத்தின் வழியாக வந்த கிண்ணத்தை விற்பவரிடம் வாங்குகிறவர்களுக்கு. விலை பேசி முடிந்ததும் நடையைக் கட்டிவிடாமல், இதைத் தீட்டியவரை உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். பாட்டியின் அக்கா, திருமணத்துக்கு முன் வகுப்புக்குப் போனவர் என்பதுபோல் ஏதாவது ஒரு நினைவு எஞ்சியிருக்கலாம். சொல்கிறவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. நீங்கள் கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார். அந்தப் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கிண்ணத்துக்குள் போட்டு வையுங்கள். கிண்ணம் கைமாறும்போது தாளும் கூடவே போகட்டும். அடியில் மட்டும் ஒட்டிவிட வேண்டாம். செலோ டேப்பை உரிக்கும்போது முதலில் கையோடு வருவது அந்தத் தங்க எழுத்துதான்.

அன்புடன்,
உங்களில் ஒரு சேகரிப்பாளர்